பூனைக்கு வயதானபோது

ஓடம்போக்கி ஆற்றங்கரையில் எங்கள் ஊர் வீட்டில் பூனை வாந்தி எடுத்தால் கைக்கு முதலில் வருவது அடுப்புச் சாம்பல். அப்பாயி ஒரு கை அள்ளி மேலே தூவுவார். ஈரம் இழுத்ததும் பழைய முறத்தில் வழித்துக் கொல்லையில் வாழையடியில் கொட்டுவார். அந்த இடத்தைச் சாணி போட்டு மெழுகிவிட்டால் காரியம் முடிந்தது. அதற்குள் பூனை எழுந்து எங்கேயோ போயிருக்கும். எதனால் வாந்தி எடுத்தது, நேற்றும் எடுத்ததா, வெளியே வந்ததில் என்ன இருந்தது என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. “பூனைன்னா கக்கும், கோழின்னா கிளறும்” என்பார் அப்பாயி. அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அது 1970களின் நடுப்பகுதி. எங்கள் ஊர் அப்போது தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. வீட்டுக்குள் இரண்டு பத்தாயம். குறுவையும் தாளடியும் அறுத்து நெல் உள்ளே வந்தால் எலியும் கூடவே வரும். எலிக்குப் பின்னால் பூனை வரும். யாரும் அதை வாங்கவில்லை, பெயர் வைக்கவில்லை. மஞ்சள் நிறமாக இருந்தால் மஞ்சப்பூனை. சாயங்காலம் பால் கறந்ததும் கொட்டாங்கச்சியில் கொஞ்சம் ஊற்றுவார்கள். மீன் அலசும் நாளில் தலையும் செதிலும் கிடைக்கும். மற்ற வேளைக்கு அதன் பாட்டை அது பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மஞ்சப்பூனை காணாமல் போனால் சில மாதத்தில் இன்னொரு மஞ்சப்பூனை பத்தாயத்தடியில் படுத்திருக்கும்.

இப்போது சென்னையில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். அப்பாயி வீட்டுக்கு மருமகளாக வந்து அந்தச் சாணித் தரையை மெழுகிய என் அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. எங்களோடு இருப்பவள் மிளகு. மழைக்கால இரவொன்றில் கார் நிறுத்துமிடத்தில் குட்டியாகக் கிடைத்த சாம்பல் நிறப் பூனை. இப்போது அவளுக்குப் பதினான்கு வயது. அவள் உதட்டை நக்கிக்கொண்டு எச்சிலை விழுங்கி விழுங்கித் தலையைத் தாழ்த்தினால் வீடு முழுக்க எழுந்துவிடும். மகள் போனில் படம் பிடிப்பாள். நான் வெளியே வந்ததைக் குனிந்து பார்ப்பேன். அம்மா கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்லுவார். சமையலறை ஜன்னலோரம் தொங்கும் நோட்டில் தேதி, நேரம், சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று, நுரையா, சோறா, முடியா என்று எழுதுவோம்.

ஊரிலிருந்து வரும் உறவினர்கள் இதைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்துப் பூனைக்கு ஏது டாக்டர், அதெல்லாம் நல்லாத்தானே இருந்தது என்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. அந்தப் பூனைகள் நன்றாக இருக்கவில்லை. உடம்பு முடியாத பூனை ஆள் கண்ணில் படாத இடத்தைத் தேடிப் போய்ப் படுத்துக்கொள்ளும். அது வைக்கோல் போருக்குப் பின்னாலோ மூங்கில் கொல்லையிலோ செத்ததை நாம் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

குட்டிகளின் சாவை மட்டும் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் மாட்டுக் கொட்டகை மூலையில் போட்ட குட்டிகள் நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்தன. திடீரென்று ஒன்று மஞ்சள் நுரையாகக் கக்கியது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய்த் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தது, குடிக்கவில்லை. மறுநாள் அது செத்துப்போக, அடுத்தது கக்கத் தொடங்கியது. சில நாளில் ஒரு குட்டியும் மிஞ்சவில்லை. கண்ணு பட்டுவிட்டது என்றார்கள், பாம்பு தீண்டியிருக்கும் என்றார்கள். தாய்ப்பூனை அதே மூலையில் அடுத்த ஈற்றையும் போட்டது. அந்தக் குட்டிகளும் அதே மாதிரிப் போயின.

இன்று தெரிந்துகொண்டதை வைத்துப் பார்த்தால் அது பான்லூகோபீனியாவாக இருந்திருக்க வேண்டும். பார்வோ வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த கிருமியால் வரும் நோய் அது. குடலின் உட்சுவரையும் எலும்பு மஜ்ஜையில் உருவாகும் வெள்ளணுக்களையும் ஒருசேர அழித்துவிடும். கிருமி ஒரு வருடம்வரைகூட ஓரிடத்தில் உயிர்ப்போடு கிடக்கும். சாதாரண சோப்புக்கும் சாணிக்கும் அசையாது. குளோரின் பிளீச் போன்ற வலுவான கிருமிநாசினியால் கழுவினால்தான் அழியும். அடுத்த ஈற்றுக் குட்டிகள் ஏன் செத்தன என்பதற்கு அதுவே விடை. எட்டு வார வயதில் தொடங்கிப் போடும் தடுப்பூசி இந்த நோயைத் தடுத்துவிடும். நம் ஊர் மாட்டாஸ்பத்திரியில் மாட்டுக்குச் சினை ஊசி போட்டார்கள், கோழிக்குக் கழிச்சல் ஊசி போட்டார்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு யாரும் அங்கே போனதில்லை. இத்தனைக்கும் இப்போது வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903லேயே தொடங்கிவிட்டது. எங்கள் கொட்டகையில் அந்தக் குட்டிகள் சாகும்போது அதற்கு எழுபது வயது கடந்திருந்தது.

பெரிய பூனைகளுக்கு எமனாக வந்தது எலி மருந்து. வயலில் தஞ்சாவூர்க் கிட்டி வைத்து எலி பிடிக்க ஆள் வருவார்கள். மூங்கிலும் நாணும் கொண்ட அந்தக் கிட்டியால் பூனைக்குத் தீங்கில்லை. வீட்டுக்குள் வைத்தது கறுப்புப் பொடி. ஜிங்க் பாஸ்பைடை மாவில் பிசைந்து பத்தாயத்தடியில் வைப்பார்கள். வயிற்று அமிலம் பட்டதும் அது பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாகும். எலியால் வாந்தி எடுக்க முடியாது. அதன் உடம்பின் அமைப்பு அப்படி. தின்ற விஷத்தை வெளியே தள்ள வழியில்லாமல் அது சாகும். மருந்து செரிக்காமல் வயிற்றில் கிடக்கும் அந்த எலியைப் பூனை தின்றால் அதற்கும் ஆபத்து. ஆனால் பூனையால் கக்க முடியும். ஒரு மஞ்சப்பூனை இரவெல்லாம் கக்கியதையும், தாழ்வாரத்தில் பூண்டு வாடை அடித்ததையும் நினைவு வைத்திருக்கிறேன். அந்த வாடை பாஸ்பீனுடையது. கிட்டே நின்று முகர்ந்தால் மனிதருக்கும் கெடுதல் என்று பிற்பாடு அறிந்தேன். அந்தப் பூனை பிழைத்துக்கொண்டது. வாந்தி அதைக் காப்பாற்றியிருக்கலாம்.

வாந்தி உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளச் செய்கிற வேலை. ரத்தத்தில் நஞ்சு ஏறினால் மூளையின் அடிப்பகுதியில் ஓரிடம் அதை மோப்பம் பிடித்து வயிற்றுக்கு உத்தரவு போடுகிறது. ஒரு தடவை போட்டால் காரியம் முடிந்துவிடும். வாராவாரம் போட்டுக்கொண்டே இருந்தால் உள்ளே ஏதோ ஒன்று தொடர்ந்து உறுத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். பூனை என்றால் கக்கும் என்ற ஒரு வாக்கியத்தால் அந்த உறுத்தலைத் தலைமுறை தலைமுறையாக மூடிவைத்திருக்கிறோம்.

மிளகு கக்கத் தொடங்கியபோது அம்மாவும் அதைத்தான் சொன்னார். “முடியை நக்கி நக்கி முழுங்குது. அதான் வருது. விடு.” அதில் பாதி உண்மை இருக்கிறது. பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் உண்டு. நக்கும்போது உதிர்ந்த முடி அதில் மாட்டினால் துப்ப வழியில்லாமல் உள்ளேதான் போகும். பெரும்பகுதி மலத்தோடு வெளியேறிவிடும். மீந்தது எப்போதாவது ஓர் உருளையாக வாய்வழி வரும். தினமும் சீவிவிட்டால் இது குறையும். ஆனால் மிளகு கக்கியதில் முடியே இல்லை. விடிகாலையில் வெள்ளை நுரை. சில நாள் மஞ்சளாக.

பூச்சி மருந்து கொடுத்தோம். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் செரிக்காது என்பதால் அம்மா ஊற்றிவந்த பாலை நிறுத்தினோம். அவசரமாக விழுங்காமலிருக்கச் சாப்பாட்டைச் சிறுசிறு பங்காகத் தட்டையான தட்டில் பரப்பி வைத்தோம். நுரை நிற்கவில்லை. அம்மாவுக்கு அடுத்த யோசனை லங்கனம். வயிற்றைக் காயப்போட்டால் சரியாகும் என்பது நம் வீடுகளின் மூத்த மருத்துவம். மனிதருக்கு அது பொருந்தலாம். பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பட்டினி கிடந்தால், உடம்பிலுள்ள கொழுப்பெல்லாம் ஈரலில் போய்க் குவிந்து ஈரல் செயலிழக்கத் தொடங்கும். குண்டுப் பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். அதனால் பட்டினி போடவில்லை. டாக்டரிடம் கொண்டுபோனோம்.

டாக்டர் இளம்பெண். மிளகைத் தொடுவதற்கு முன்னால் எங்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“வயித்தை எக்கி எக்கி எடுக்குதா, இல்ல குனிஞ்சதும் சாப்பாடு அப்படியே சரிஞ்சு வந்துடுதா?”

மகள் படத்தைக் காட்டினாள். வயிறு எக்குவது தெரிந்தது. எக்காமல், சாப்பிட்ட சற்று நேரத்தில் குழல் வடிவில் சோறு அப்படியே வெளியே விழுந்தால் கோளாறு உணவுக்குழாயில் இருக்கும். அது வேறு கணக்கு என்றார். கழுத்தை நீட்டிக்கொண்டு தரையோடு பதுங்கி இருமும் ஆஸ்துமாவையும் பலர் முடிக்கட்டி என்று எண்ணிவிடுவார்களாம். படம் பிடித்து வருவதன் பயன் அங்கேதான் விளங்கியது.

“தண்ணி எப்படிக் குடிக்குது?”

இதற்கு அம்மா பதில் சொன்னார். “முன்னெல்லாம் கிண்ணத்துல வெச்ச தண்ணி அப்படியே இருக்கும்மா. இப்ப சாயங்காலத்துக்குள்ள காலி. மண்ணுல மூத்திரக் கட்டியும் பெருசு பெருசா இருக்கு.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தி அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எடை போட்டார். முந்தைய தடுப்பூசிச் சீட்டில் 4.2 கிலோ என்று இருந்தது, இப்போது 3.6. பூனை உடம்பில் அறுநூறு கிராம் என்றால் ஏழில் ஒரு பங்கு. எழுபது கிலோ மனிதர் பத்துக் கிலோ இளைத்ததற்குச் சமம். தினமும் மடியில் வைத்துக்கொள்கிற நமக்கு முடிக்கு அடியில் அது தெரிவதில்லை.

ரத்தத்தில் கிரியாட்டினின், யூரியா, பாஸ்பரஸ் கூடியிருந்தன. சிறுநீர் நீர்த்துப் போயிருந்தது. ஸ்கேனில் சிறுநீரகம் இரண்டும் சுருங்கியிருந்தன. வயதான பூனைகளுக்குப் பரவலாக வரும் நாட்பட்ட சிறுநீரக நோய். சிறுநீரகத்தின் வேலைத்திறனில் முக்கால் பங்கு போன பிறகுதான் கிரியாட்டினின் கூடத் தொடங்கும் என்றார். எஸ்.டி.எம்.ஏ. என்ற பரிசோதனை இன்னும் முன்னதாகவே காட்டிக்கொடுக்குமாம். சிறுநீரகம் வடிக்காமல் விட்ட கழிவு ரத்தத்தில் தங்கி, மூளையில் நஞ்சை மோப்பம் பிடிக்கும் அந்த இடத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கும். மஞ்சப்பூனைக்கு விஷம் எலி மருந்தாக வெளியிலிருந்து போனது. மிளகுக்கு வெளியிலிருந்து எந்த விஷமும் வரவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து நெடுநேரம் யோசித்தேன். ஊர் வீட்டுப் பூனைகளில் எதற்கும் இந்த நோய் வந்து நான் பார்த்ததில்லை. அவற்றின் சிறுநீரகம் உறுதியானது என்று இதற்குப் பொருளில்லை. எதுவும் நான்கைந்து வயதைத் தாண்டவில்லை. குட்டியில் வைரஸ், பிறகு எலி மருந்து, நாய், பஸ் சக்கரம், பாம்பு. முதுமை என்ற பருவமே அந்தப் பூனைகளுக்குக் கிடைக்கவில்லை. பத்து வயது தாண்டியவற்றுக்கு வரும் தைராய்டு மிகைச் சுரப்பும் அப்படித்தான். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக் கக்கும். வருடக்கணக்கில் வளரும் குடல் அழற்சியும், அதோடு குழம்பிப்போகும் குடல் புற்றுநோயும் அப்படித்தான். தடுப்பூசியும், கதவடைத்த வீடும், நேரத்துக்குச் சோறும் மிளகைப் பதினான்கு வயதுவரை கொண்டுவந்து விட்டிருக்கின்றன. பத்திரமாக வைத்துக்கொண்டதால் வந்த நோய் இது. பத்திரமாக வைத்துக்கொண்டவர்கள்தான் கடைசிவரை பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

பாஸ்பரஸ் குறைந்த சிறுநீரக உணவுக்கு மாற்றினோம். அதன் விலை நாங்கள் சாப்பிடும் அரிசியைவிடப் பல மடங்கு. வாந்தியை அடக்க மரோபிடன்ட் எழுதிக்கொடுத்தார். நாய்களுக்கென்று 2007இலும் பூனைகளுக்கு 2012இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. மூளைக்குப் போகும் வாந்திச் செய்தியைத் தடுக்கிறது. உடம்பில் நீர் வற்றாமலிருக்க ரிங்கர் லாக்டேட் ஏற்ற வேண்டும். அதை வீட்டிலேயே செய்ய டாக்டர் சொல்லிக்கொடுத்தார். பாட்டிலை வெந்நீரில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். தோள்பட்டைக்கு மேலே தோலைத் தூக்கிப் பிடித்து, அந்த மடிப்புக்குள் ஊசியைச் செலுத்த வேண்டும். பூனையின் தோல் தளர்ந்தது. உள்ளே நீர் தேங்க இடம் இருக்கிறது. முதுகில் ஒரு மேடு எழும்பி, முன்னங்காலுக்கு இறங்கி, சில மணி நேரத்தில் உடம்புக்குள் போய்விடும்.

பாட்டிலைத் தூக்கிப் பிடிப்பவர் அம்மா. சாம்பல் போட்டு வழித்த வீட்டிலிருந்து வந்தவர் இப்போது சொட்டு விழும் வேகத்தைப் பார்த்துச் சொல்கிறார். “மெதுவா விடுடி, அவளுக்குக் குளிருது பாரு.” விடிகாலையில் முதலில் எழுபவரும் அவர்தான். நுரை இருந்ததா என்று முதலில் தரையைப் பார்ப்பார். இப்போது பெரும்பாலான நாள்களில் தரை காய்ந்தே கிடக்கிறது. மிளகின் எடை 3.8க்கு ஏறியிருக்கிறது. நோய் குணமாகாது, அதன் வேகம் குறைந்திருக்கிறது. டாக்டர் இதை முதல் நாளே ஒளிக்காமல் சொன்னதற்கு அவருக்கு நன்றி.

வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காலையில் வரிசையைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது. கட்டைப்பை, பிளாஸ்டிக் கூடை, பழப்பெட்டி என்று கிடைத்ததில் பூனையைப் போட்டு எடுத்துக்கொண்டு ஆட்டோவிலும் பஸ்ஸிலும் வருகிறார்கள். வசதி உள்ளவர்கள் மட்டும் செய்யும் காரியமாக இது இல்லை.

ஊரில் இல்லாத சில ஆபத்துகளும் நகர வீட்டில் சேர்ந்திருக்கின்றன. அங்கே பூவை வாழைநாரில் கட்டுவார்கள். இங்கே வாங்கும் சரம் நூலில் வருகிறது. சாமி படத்திலிருந்து தொங்கும் நூலைப் பூனை விளையாட்டாக விழுங்கினால், ஒரு முனை நாக்கடியில் மாட்டிக்கொள்ளும். மறுமுனை குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் பிடித்து இழுக்கவே கூடாது. இழுத்தால் குடல் கிழியும். அப்படியே டாக்டரிடம் போக வேண்டும். வரவேற்பு விழாக்களிலிருந்து வீட்டுக்கு வரும் பூங்கொத்தில் லில்லி இருந்தால் வாசலிலேயே எடுத்துவிடுங்கள். மேலே ஒட்டிய மகரந்தத்தை நக்கினால்கூடப் போதும். முதலில் வாந்தி, ஓரிரு நாளில் சிறுநீரகம் நின்றுபோகும். பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

உங்கள் வீட்டுப் பூனையை இந்த வாரம் எடை போடுங்கள். தனித் தராசு வேண்டாம். தூக்கிக்கொண்டு ஒரு தடவையும் இறக்கிவிட்டு ஒரு தடவையும் நீங்கள் எடை மெஷினில் ஏறி நின்று கழித்துப் பார்த்தால் போதும். அந்த எண்ணை எழுதிவைத்து மாதாமாதம் பாருங்கள். மாதத்தில் ஓரிரு முறைக்கு மேல் கக்கினாலோ, கக்குவதோடு எடையும் குறைந்தாலோ, தண்ணீர் அதிகம் குடித்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். ஏழெட்டு வயதைக் கடந்த பூனைக்கு வருடம் ஒரு முறை ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துவிடுங்கள். ஒரே நாளில் திரும்பத் திரும்பக் கக்கினாலோ, குடித்த தண்ணீரும் தங்காவிட்டாலோ, வாந்தியில் ரத்தம் இருந்தாலோ, ஆண் பூனை மூத்திரம் போக முக்கி முக்கி முடியாமல் கக்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கிளம்புங்கள்.